பொட்டு வைத்த லேப்டாப்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே சர்வீஸ் சென்டரில் கூட்டம். முன் மேசைக்கு நான் ஒருத்திதான். சேலத்தில் எங்கள் கம்பெனி லேப்டாப் எது கெட்டாலும் ஐந்து ரோடு சந்திப்பில் இருக்கும் எங்களிடம்தான் வரவேண்டும். வருகிறவர்கள் முதலில் கோபப்படுவார்கள், பிறகுதான் கோளாறைச் சொல்வார்கள்.

இன்று அம்மாபேட்டையிலிருந்து வந்த பெண் கோளாறை மட்டும் சொன்னார். பெயர் அம்சவேணி. முப்பது வயதுக்குள் இருக்கும். ஸ்டூடியோக்களுக்குக் கல்யாண ஆல்பம் வடிவமைத்துக் கொடுக்கிறவர். சித்திரையில் வாங்கிய லேப்டாப், பெரிய ஆல்பத்தைச் சேமிக்கக் கொடுத்தால் நடுவில் தானாக அணைந்துவிடுகிறது. அதற்கு முன் விசிறிச் சத்தம் எப்படி மாறும், அடிப்பக்கம் எந்த இடத்தில் சுடும் என்பதுவரை சொன்னார்.

மேசையில் வைத்து இயக்கினேன். ஒழுங்காக ஓடியது. இங்கே நன்றாகத்தானே ஓடுகிறது என்று எல்லோருக்கும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பையிலிருந்து பென்டிரைவை எடுத்துச் செருகி, ஒரு ஆல்பத்தைத் திறந்து வேலையை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எட்டி நின்றார். மாப்பிள்ளை மெட்டி போடுகிற பக்கம் வந்தபோது திரை கறுத்தது.

ஜாப் ஷீட்டில் வெளித்தோற்றம் நன்று என்று எழுதினேன். பவர் பட்டனுக்குப் பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

“வாங்கின அன்னிக்கு அம்மா வெச்சாங்க மேடம். தொடைக்க மனசு வரல. பொட்டு இருக்குதுன்னும் எழுதிக்கங்க.”

எதற்கு என்று கேட்டேன். “இருக்கிறதை எழுதிட்டா அப்புறம் யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கல்ல” என்றார். எழுதினேன்.

ஜூன் 13, வெள்ளி

டெக்னீஷியன் தமிழரசு அந்த லேப்டாப்பைப் பிரித்தான். விசிறி சரியாகச் சுற்றவில்லை, அதன் சூட்டில் மதர்போர்டு போயிருக்கிறது, இரண்டையும் வாரண்டியில் மாற்றிவிடலாம் என்றான். மேனேஜர் கோகுலநாதன் சாருக்கு அப்போதுதான் ஏரியா ஆபீசிலிருந்து போன் வந்திருந்தது. சேலத்தில் மட்டும் ஏன் இத்தனை போர்டு மாற்றுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

சார் வந்து குனிந்து பார்த்தார். பொட்டைப் பார்த்தார். அதை மட்டும் நெருக்கமாக ஒரு படம் எடுத்தார். திரவம் பட்ட சேதம், வாரண்டி செல்லாது என்று போடச் சொன்னார்.

“சார், சந்தனம் மேலதான் இருக்குது. உள்ள இறங்கவே இல்ல” என்றான் தமிழரசு.

“இறங்கலைன்னு நீ கையெழுத்துப் போட்டுக் குடுப்பியா?”

தமிழரசு திருப்புளியை எடுத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போய்விட்டான். சார் சொன்னதை நான் தட்டச்சு செய்தேன். மதியம் எலுமிச்சைச் சாதம். பாதியை வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவந்தேன். புளிப்பு அதிகம்.

ஜூன் 16, திங்கள்

அம்சவேணி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“சந்தனம் தண்ணியா மேடம்?”

கம்பெனி விதி என்றேன். அந்த விதி எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாரண்டிப் புத்தகத்தைக் கொடுத்தேன். நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்தார். திரவம் பட்டதால் ஏற்பட்ட கோளாறு என்றுதான் இதில் இருக்கிறது, பட்டதாலேயே கோளாறு என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள், அதை எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துக் கொடுங்கள் என்றார். குரலை உயர்த்தவில்லை. கண்ணாடி அறையிலிருந்து சார் தலையாட்டினார். கொடுத்தேன்.

அப்போது பிரிண்டரோடு ஸ்டூடியோ ஜெயபால் உள்ளே வந்தார். அம்சவேணி ஏழு வருடம் அவரிடம் சம்பளத்துக்கு ஆல்பம் செய்தவர் என்பது அவர்கள் பேச்சில்தான் தெரிந்தது.

“என்ன அம்சா, முதலாளியம்மா எல்லாம் லைன்ல நிக்கிறீங்க?”

“நின்னாத்தானே சார் டோக்கன் தர்றாங்க.”

“உன்ற சேரு அப்படியேதான் கெடக்குது. வர்றதுன்னா வா, பழைய சம்பளம்.”

“கெடக்கட்டுங்க சார். காத்தோட்டமா இருக்கும்.”

அவர் போன பிறகு அம்சவேணி பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். இந்த லேப்டாப்பை நம்பித்தான் ஜெயபாலிடமிருந்து வெளியே வந்திருக்கிறார். மூன்று ஸ்டூடியோக்கள் வேலை கொடுத்தன. ஒன்று போன வாரம் கைவிட்டது. ஆவணி முகூர்த்தத்துக்குள் ஒரு மெஷின் இல்லாவிட்டால் மற்றவையும் போகும். அதற்குப் பிறகு அந்த நாற்காலிதான்.

லேப்டாப்பைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஜூன் 28, சனி

மழை. கூட்டம் இல்லை. ஸ்டோர் சாவி தொலைந்து, மாலையில் கிடைத்தது.

ஜூலை 5, சனி

பூ வாங்குவதற்காகப் பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கே மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது. ஆல்பம் செய்கிறவர்கள் வாடகைக்கு உட்காரும் இடம் என்று தமிழரசு சொல்லியிருந்தான். ஏறிப் பார்த்தேன். அம்சவேணி இருந்தார். பூக்கடை எங்கள் தெருமுனையிலேயே இருப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வாங்கிய கடையில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்கிறார்கள். கம்பெனியில் சர்வீஸ் சென்டர் ரிப்போர்ட்தான் முடிவு என்கிறார்கள். நாங்கள் கம்பெனி விதி என்கிறோம். அரசாங்கத்தின் நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்து பார்த்துவிட்டார். கம்பெனி அங்கேயும் அதே பதிலைத்தான் அனுப்பியது.

“மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கையைக் காட்டறாங்க. அதனால மூணு பேரையும் ஒரே பெஞ்சுல உக்கார வெக்கப் போறேன்” என்றார். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. முதலில் நோட்டீஸ், பதில் வராவிட்டால் மனு. மனுவை ஆன்லைனிலேயே போடலாமாம்.

வக்கீல் வேண்டாமா என்றேன்.

“அவசியமில்லைங்க, நம்மளே பேசலாம். ஆல்பம் பண்ற மாதிரிதான் அக்கா இதுவும். எது முன்னால வரணும், எது பின்னால வரணும்னு தெரிஞ்சாப் போதும்.”

அதுவரை மேடம் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஜூலை 21, திங்கள்

பதிவுத் தபாலில் நோட்டீஸ் வந்தது. இரண்டே பக்கம். திட்டு இல்லை, அழுகை இல்லை. என்ன வாங்கினேன், என்ன கெட்டது, யார் என்ன சொன்னார்கள், எனக்கு என்ன வேண்டும். நான் இத்தனை வருடம் எத்தனையோ புகார்க் கடிதங்களைப் படித்திருக்கிறேன். இதைத்தான் இரண்டு முறை படித்தேன்.

சார் சிரித்துவிட்டு மேசை டிராயரில் போட்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆணையத்திலிருந்து நோட்டீஸ். கடை, கம்பெனி, நாங்கள், மூவருக்கும். சார் இம்முறை சிரிக்கவில்லை. கம்பெனி வக்கீல் எல்லோருக்கும் சேர்த்துப் பேசுவார், இங்கிருந்து ஒருவர் பைலோடு போய் உட்கார்ந்தால் போதும் என்று ஏரியா ஆபீசில் சொன்னார்கள். சார் என்னைக் கை காட்டினார்.

“நீங்க சும்மா உக்காந்துட்டு வாங்க செண்பகம். அவங்க கேட்டா மட்டும் பேசுங்க.”

வீட்டில் சொன்னேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் கணவர் முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டில்தான் இருக்கிறார். “வேலை பத்திரம்” என்று மட்டும் சொன்னார். வீட்டில் இப்போது ஒரு சம்பளம்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

ஆணையத்துக்குப் போனேன். பெரிய கூடம் என்று நினைத்திருந்தேன். எங்கள் சென்டரைவிடக் கொஞ்சம்தான் பெரிது. தலைவராக ஒரு அம்மா. நான் வக்கீலுக்குப் பின்னால், அம்சவேணிக்கு எதிர்ப்பக்கம்.

வக்கீல் நல்ல வக்கீல். சந்தனம் என்பது தண்ணீரில் கரைத்துப் பூசும் பொருள். மின்கருவியின் விசைப்பலகை மேல் அதைப் பூசியதை மனுதாரரே மறுக்கவில்லை. கவனமுள்ள எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். இவ்வளவுதான் சொன்னார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

தலைவர் அம்சவேணியைக் கேட்டார். அம்மா வைத்தார், எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அதெல்லாம் சாயம், சந்தனமே இல்லை என்றும் சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து நின்று சொன்னது இது:

“வெச்சது உண்மைங்கம்மா. சர்வீசுக்கு எடுத்துட்டுப் போன அன்னிக்கே நான்தான் எழுதச் சொன்னேன். அதனாலதான் கெட்டுச்சுன்னு யாரு பாத்தாங்க? அதைத்தான் கேக்கறேன். பாக்கறதுக்கு ஒரு ஆளுகிட்ட அனுப்பச் சொல்லி மனுவுலயே கேட்டிருக்கேன்.”

சோதனைக்கு அவசியமில்லை, ஒப்புக்கொண்டதே போதும் என்றார் வக்கீல். அடுத்த விசாரணையில் பார்க்கலாம் என்று நவம்பருக்குத் தள்ளினார்கள்.

படியிறங்கும்போது அவர் எனக்கு முன்னால் போனார். ஆவணியில் இன்னொரு ஸ்டூடியோவும் போய்விட்டது என்றார். திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னார். வக்கீல் பக்கத்தில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

கவனமுள்ள எவரும் இப்படிச் செய்யமாட்டார்கள். பஸ்ஸில் வீடு வரும்வரை அந்த வரி காதிலேயே இருந்தது.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எட்டு மணிக்கே சென்டருக்குப் போய்விட்டேன். பொரி, கடலை, வாழைக்கன்று, பூசணிக்காய் எல்லாம் தமிழரசு வாங்கி வந்திருந்தான். பொட்டு வைப்பது அவன் வேலை. கடுகளவு வைப்பான். இந்த வருடம் நான் வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன். பன்னீர் கை தவறி அதிகம் ஊற்றிவிட்டேன், சந்தனம் கொஞ்சம் இளக்கமாகிவிட்டது. மறுபடி குழைக்க நேரமில்லை.

முன் மேசைக் கணினி, பிரிண்டர், சோதனை மேசையில் இருப்பவை, வாடிக்கையாளருக்குக் காட்ட வைத்திருக்கும் ஐந்து லேப்டாப். எல்லாவற்றுக்கும் வைத்தேன். மூடி மேல் வைத்தால் தெரியவில்லை, அதனால் திறந்து வைத்தேன். சார் தன் லேப்டாப்புக்குத் தானே வைத்தார், பவர் பட்டனுக்குப் பக்கத்தில். கம்பெனி போன மாதம் கொடுத்த புது லேப்டாப்.

கற்பூரம் காட்டி முடிந்ததும் வருடாவருடம் எடுப்பதுபோலப் படம் எடுத்தேன். சார் நடுவில். டியூப் லைட்டையும் போட்டுவிட்டேன். “ஸ்கிரீனைக் கொஞ்சம் சாய்ங்க சார், முகத்தை மறைக்குது” என்றேன். சாய்த்தார். படம் தெளிவாக வந்தது.

ஆபீஸ் போனில் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைத்தேன். நாளை விடுமுறை என்றும் அதில் எழுதினேன். வாடிக்கையாளர்கள் வீணாக வந்து போகக்கூடாது.

அக்டோபர் 2, வியாழன்

விடுமுறை. துணி துவைத்தேன். மிச்சப் பொரியைக் காரம் போட்டு வறுத்தேன். ஆபீஸ் போன் என்னிடம்தான் இருந்தது. ஸ்டேட்டஸைப் பார்த்தவர்கள் பட்டியல் எதேச்சையாகத் திறந்துகொண்டது. நிறையப் பேர் பார்த்திருக்கிறார்கள். ‘அ’வில் ஆரம்பிக்கிறவர்கள் மட்டும் ஒன்பது பேர்.

அக்டோபர் 24, வெள்ளி

தீபாவளி முடிந்து கூட்டம் ஆரம்பித்துவிட்டது. மறுபடி சர்வீசுக்கு விட்டிருந்த பிரிண்டரை வாங்க வந்த ஜெயபால் யாரும் கேட்காமலே சொன்னார்: “அம்சா வந்து உக்காந்துட்டா. எங்க சுத்துனாலும் நம்ம கடைக்குத்தானே வரணும்.”

பிரிண்டர் டோனருக்குக் காசு தனி என்று சொன்னேன். சிரித்த முகமாகச் சொல்லவில்லை என்று தமிழரசு பிற்பாடு சொன்னான்.

நவம்பர் 6, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அம்சவேணி ஜெயபாலிடம் இரண்டு மணி நேரம் பெர்மிஷன் கேட்டு ஆணையத்துக்கு வந்திருந்தார். கையில் கல்யாண ஆல்பத்தின் அட்டைப் பக்கம் ஒன்று. மணமக்கள் படம் இருக்க வேண்டிய இடத்தில், ஒன்றரை முழ அகலத்துக்கு, எங்கள் சென்டர். நடுவில் சார். சுற்றிலும் திறந்த லேப்டாப்கள். ஓரத்தில் கட்டம் கட்டி ஒவ்வொரு விசைப்பலகையையும் தனித்தனியே பெரிதாக்கியிருந்தார். சந்தனம் ஈரமாகப் பளபளத்தது. சுற்றிலும் பூ வேலைப்பாடு எதுவும் இல்லை. அவர் செய்த ஆல்பங்களை நான் பார்த்ததில்லை. அந்த ஒரு பக்கமே போதும், அவர் எப்படிப்பட்ட வேலைக்காரர் என்று சொல்ல.

வக்கீல் எழுந்தார். போனில் வந்த படத்தைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்றார். அம்சவேணி அதற்குச் சட்டப்படி வேண்டிய சான்றிதழையும் இணைத்திருந்தார். படம் வந்த போனையும் மேசையில் வைத்தார்.

“எதிர்த்தரப்பு வக்கீல் சார் சொன்னாருங்கம்மா, கவனமுள்ள எவரும் இப்படிச் செய்யமாட்டாங்கன்னு. அவரு கட்சிக்காரங்களே செஞ்சிருக்காங்க. அவங்களைக் கவனமில்லாதவங்கன்னு நான் சொல்ல மாட்டேன். நம்ம ஊர்ல புதுப் பொருளுக்குப் பொட்டு வெப்போம். அது தெரிஞ்சுதானே இங்க விக்கிறாங்க?”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சர்வீஸ் சென்டரிலிருந்து யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். எழுந்தேன்.

“இது உங்க சென்டர்தானா?”

“ஆமாங்கம்மா.”

“இந்த மெஷினெல்லாம் இப்ப ஓடுதா?”

வக்கீல் திரும்பி என்னைப் பார்த்தார். தெரியவில்லை என்றால் போதும், உட்கார்ந்துவிடலாம். கேட்டால் மட்டும் பேசு என்று சார் சொல்லியிருந்தார். கேட்டார்கள்.

“ஓடுதுங்கம்மா. வருஷா வருஷம் வெக்கிறோம். நான் சேந்ததுல இருந்து பொட்டு வெச்சதால ஒண்ணுகூட நின்னதில்லைங்க.”

உட்காரும்போது பைல் கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கொடுத்தது அம்சவேணி.

சோதனைக்கு இனி ஆட்சேபம் உண்டா என்று தலைவர் வக்கீலைக் கேட்டார். இல்லை என்றார். பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடத்துக்கு லேப்டாப்பை அனுப்ப உத்தரவாயிற்று.

நவம்பர் 7, வெள்ளி

சார் அறைக்குக் கூப்பிட்டார். ஸ்டேட்டஸ் யார் போட்டது என்றார்.

“நான்தான் சார். வருஷா வருஷம் நான்தானே போடறேன்.”

“போட்டோவுல நான் நல்லா இருக்கேன்னு என் சம்சாரம்கூடச் சொல்லுச்சு” என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் மேலே ஆள் இருக்கிறது.

நவம்பர் 28, வெள்ளி

ஏரியா ஆபீஸ் சுற்றறிக்கை: எந்த இயந்திரத்தின் மீதும் எந்தப் பொருளையும் பூசக்கூடாது. அடுத்தது எனக்கு: திங்கள் முதல் முன் மேசைக்கு வேறு பெண், நான் பின்னால் உதிரிபாக அறைக்கு. சம்பளத்தில் கை வைக்கவில்லை. வீட்டில் சொன்னபோது அவர் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

டிசம்பர் 18, வியாழன்

ஆய்வறிக்கை வந்துவிட்டதாகத் தமிழரசு சொன்னான். சந்தனம் விசைக்கு மேலேயே காய்ந்து நின்றிருக்கிறது. கோளாறு விசிறியின் தயாரிப்பில். ஜூன் மாதம் அவன் சொன்னதே.

உதிரிபாக அறையில் ஜன்னல் இல்லை. அடுக்கு அட்டைகளை வரிசைப்படுத்தி ஒட்டினேன்.

ஜனவரி 22, வியாழன்

தீர்ப்பு. கடையும் கம்பெனியும் சேர்ந்து புது லேப்டாப் தரவேண்டும், வேலை கெட்டதற்கு நஷ்ட ஈடு தரவேண்டும். ஆய்வு செய்யாமலே வாரண்டியை மறுத்தது சேவைக் குறைபாடு என்று எங்களைப் பற்றி ஒரு பத்தி. அதைச் சார் எனக்குப் படிக்கக் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று தெரியவில்லை. மேல்முறையீடு இல்லையாம்.

பிப்ரவரி 16, திங்கள்

புது லேப்டாப் எங்கள் சென்டருக்குத்தான் வந்தது. வாங்கிக்கொள்ள அம்சவேணி வந்தார். முன் மேசைப் பெண்ணிடம், செண்பகம் அக்காதான் கொடுக்கவேண்டும் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள்.

பெட்டியைப் பிரித்தேன். அவர் பென்டிரைவைச் செருகினார். அதே ஆல்பம். மெட்டி போடுகிற பக்கம் வந்தது, போனது. கடைசிப் பக்கத்தில் பொண்ணும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். தமிழரசு உள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

மாதக் கடைசியோடு ஜெயபாலிடமிருந்து நின்றுகொள்வதாகக் காலையில்தான் சொல்லிவிட்டு வந்தாராம். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“சேரை எடுத்து மாடியில போடச் சொன்னாருங்க.”

பிறகு குரலைத் தணித்து, “அந்தப் போட்டோ ரொம்பத் தெளிவா இருந்துச்சுக்கா. லைட்டெல்லாம் போட்டு எடுத்திருந்தீங்க” என்றார்.

“எல்லா வருஷமும் அப்படித்தான் எடுப்போம்” என்றேன்.

“சரிக்கா” என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

கைப்பையிலிருந்து சின்னக் குங்குமச் சிமிழையும் சந்தனக் கிண்ணத்தையும் எடுத்தார். கண்ணாடி அறையில் சார் எழுந்து நின்றார். அம்சவேணி சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தி, “நீங்களே வெச்சுடுங்க” என்றார். பவர் பட்டனுக்குப் பக்கத்தில் வைத்தேன். குங்குமத்தை அவர் வைத்தார். ஒப்படைப்புச் சீட்டில் நானே எழுதினேன்: வெளித்தோற்றம் நன்று. பொட்டு உள்ளது.

சார் உட்கார்ந்துவிட்டார்.

அம்சவேணி போன பிறகு விரலில் கொஞ்சம் சந்தனம் மீதி இருந்தது. உதிரிபாக அறைக்குத் திரும்பி, அங்கிருக்கும் பழைய கணினியின் ஓரத்தில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். சாயங்காலம் அணைக்கும்வரை ஓடியது.